பெயர் கேட்ட இரவு

மும்பையில் புதன்கிழமை என்றால் மாஹிம். ரயில் நிலையத்திலிருந்து புனித மிக்கேல் ஆலயம் வரை காலையில் தொடங்கும் கூட்டம் இரவுவரை ஓயாது. நடைபாதையில் பூமாலை, மெழுகுவர்த்தி, மெழுகில் வார்த்த கை, கால், வீடு, குழந்தை என்று கடை விரித்திருப்பார்கள். எது வேண்டுதலோ அதை வாங்கிப் படைக்கலாம். கிறிஸ்தவர்கள் மட்டுமல்லாமல் இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் வரிசையில் நிற்பார்கள். 1948இல் தொடங்கிய சகாய மாதா நவநாள் இது. ஆலயம் அதிதூதர் மிக்கேலுக்கு உரியது. கூட்டம் வருவதோ மாதாவைத் தேடி. சாத்தானோடு போரிட்ட தளபதியின் வீட்டில், குழந்தையை ஏந்திய தாய் குடியிருக்கிறாள்.

அந்த வரிசையில், ஒரு மழைக்காலப் புதன்கிழமை, தாராவியிலிருந்து நடந்தே வந்த ஒரு தமிழ்த் தாய் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் இறந்த பிறகு பிளவுஸ் தைத்துக் குடும்பத்தை நடத்துகிறவர். அவர் கைப்பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, மாநகராட்சி மருத்துவமனையின் மருந்துச் சீட்டு. மற்றது, ஒரு ஜெபக் குழு எழுதிக் கொடுத்த பட்டியல். தினமும் எத்தனை செபமாலை, எந்தெந்தக் கிழமை உபவாசம், வீட்டின் எந்த மூலையில் மந்திரித்த உப்பு என்றெல்லாம் அதில் இருந்தது. கடைசி வரியின் கீழ் மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்: 'வெள்ளிக்கிழமை முதல் மாத்திரை வேண்டாம்.'

இரண்டு காகிதங்களில் எதை நம்புவது என்று மாதாவிடம் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். பதில் எதுவும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மாத்திரை அவருக்கல்ல, மகனுக்கு. இருபத்திரண்டு வயது. பி.காம். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான். பிறகு குளிப்பதை. பிறகு ஜன்னலைத் திறப்பதை. தன்னைப் பற்றி யாரோ இருவர் பேசிக்கொள்வது காதில் விழுகிறது என்றான். பக்கத்து வீட்டுக்காரர்தான் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மனச்சிதைவு நோய் என்றார்கள். மாத்திரை எழுதினார்கள், சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்றார்கள். ஆறு மாதத்தில் பையன் தேறினான். தெருமுனைக் கடைக்குத் தானே போய் வந்தான். ஆனால் உடம்பு பருத்தது; பகலெல்லாம் தூங்கினான். "முந்தி மாதிரி சிரிக்க மாட்டேங்கானே" என்பது தாயின் மனக்குறை.

அந்தக் குறையின் வழியாகத்தான் ஜெபக் குழு வீட்டுக்குள் வந்தது. அழைத்து வந்தவர் நாத்தனார். அண்ணன் மகன் மீது உயிரையே வைத்திருப்பவர். "மதினி, டாக்டர் ஒடம்பத்தான் பாப்பாரு. இது ஆவியோட விஷயம். நம்ம பிரதர் ஒருதடவ வந்து கை வச்சு செபிக்கட்டும்" என்றார்.

பிரதர் என்று அழைக்கப்பட்டவர் குருவானவர் அல்ல. எந்தத் துறவற சபையையும் சேர்ந்தவரும் அல்ல. வேலை பார்த்துக்கொண்டே பிரார்த்தனைக் கூட்டம் நடத்துகிறவர். காசு கேட்கவில்லை. இரவு எட்டு மணிக்கு வந்தவர் ஒரு மணிவரை இருந்தார். மாதா படத்துக்கு முன் செபமாலை சொன்னார்கள்; அதிதூதர் மிக்கேலை நோக்கிய மன்றாட்டைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிறகு பையனை நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் கை வைத்து, அவனுக்குள் இருப்பதாகத் தாங்கள் நம்பிய ஒன்றை நோக்கி அதட்டத் தொடங்கினார்கள். "உன் பேரென்ன? சொல்லு, உன் பேரென்ன?"

முதல் ஒரு மணி நேரம் பையன் தன் பெயரைச் சொன்னான். அது ஏற்கப்படவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு, களைத்துப்போய், பத்து வருஷத்துக்கு முன் செத்துப்போன தாத்தாவின் பெயரைச் சொன்னான். ஆரவாரம் எழுந்தது. முன்னோர் சாபம் என்று முடிவாயிற்று. அதுவரை பெயரில்லாமல் இருந்த ஒரு குரலுக்கு அன்றிரவு பெயர் கிடைத்தது. மறுநாளிலிருந்து பையன் தாத்தாவின் போட்டோ இருந்த சுவரைப் பார்க்கவே பயந்தான்.

மாத்திரை நின்ற பதினேழாம் நாள் இரவு அவனைக் காணவில்லை. விடியும்போது மாஹிம் நிலையத்தின் பிளாட்பாரக் கடைசியில், மழையில், செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தான். போர்ட்டர் ஒருவர் பக்கத்திலேயே நின்று காவல் காத்திருந்தார். "தாத்தா தண்டவாளத்துக்கு வரச் சொன்னாரு, நான் போவலம்மா" என்றான். அந்தத் தாய் இதை இன்றும் ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் நடுவில் நிறுத்திவிடுகிறார்.

அன்றைக்கே மருத்துவமனை. திட்டு வாங்கினார். மாத்திரை மீண்டும் தொடங்கியது. ஆனால் மனத்தில் கேள்வி அடங்கவில்லை. மாத்திரையை நிறுத்தியது தப்பா, அல்லது பாதியில் விசுவாசம் இழந்து திரும்பத் தொடங்கியது தப்பா? இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்க முடியாது. பிரதரிடம் கேட்டால் பதில் என்ன வருமென்று தெரியும். ஆக, தமிழ் தெரிந்த ஒரு முதிய பாதிரியாரைத் தேடிப் போனார். பங்குப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்று நகரின் மறுகோடியில் இருந்தவர்.

பாதிரியார் முழுக் கதையையும் கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி: "இப்ப மாத்திரை குடுக்குறீங்களா?"

"குடுக்கேன் சாமி."

"நல்லது. இரண்டாவது கேள்வி. அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் பையனுக்குப் பயம் கொறஞ்சுதா, கூடுச்சா?"

பதில் சொல்லத் தாய்க்கு நேரம் தேவைப்படவில்லை. "கூடுச்சு சாமி."

"அப்ப பதில் உங்க கையிலயே இருக்கு" என்றார் பாதிரியார்.

ஆனால் அவர் வாதாடினார். வாதாடத்தான் வந்திருந்தார். "பிசாசு கெடையாதுங்கீகளா? அப்ப மிக்கேல் சம்மனசு எதுக்கு?" அந்தக் கேள்வியைப் பாதிரியார் தட்டிக் கழிக்கவில்லை. பிசாசு இருப்பதாகத்தான் திருச்சபை போதிக்கிறது. மிக்கேலை நோக்கிய மன்றாட்டு 1886இல் போப் பதின்மூன்றாம் லியோ காலத்தில், பாட்டில்லாத பூசைகளுக்குப் பின் சொல்லும் ஜெபங்களோடு சேர்க்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கக் காலத்தில் அந்த வழக்கம் நின்றது. 1994 ஏப்ரலில் போப் இரண்டாம் ஜான் பால் அதை மறக்க வேண்டாம் என்றார். 2018 அக்டோபர் மாதம் முழுவதும் தினமும் செபமாலையோடு மாதாவின் அடைக்கலம் தேடும் பழைய மன்றாட்டையும் மிக்கேல் மன்றாட்டையும் சொல்லும்படி போப் பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார். ஆக, மாதா பக்தியும் தீமையோடு போராட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பிரதர் கண்டுபிடித்த விஷயமல்ல. "மன்றாட்டு சரிதாம்மா. அந்த மன்றாட்ட வச்சு அவங்க செஞ்சதுதான் சரியில்ல."

எது சரியில்லை என்பதைத் திருச்சபை எப்போதோ எழுதி வைத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172ஆம் விதிப்படி, பேய் பிடித்தவர் மீது பேயோட்டும் சடங்கை நடத்த அந்த இடத்து ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி வேண்டும். அதையும் குருவானவருக்குத்தான் கொடுக்கலாம். பக்தி, அறிவு, விவேகம், நேர்மையான வாழ்க்கை ஆகிய நான்கும் அவரிடம் இருக்க வேண்டும். 1985இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. அனுப்பியவர், பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆன கார்டினல் ராட்சிங்கர். லியோ காலத்துப் பேயோட்டும் வாசகத்தைப் பொதுநிலையினர் பயன்படுத்தக் கூடாது என்றது கடிதம். உரிய அதிகாரம் இல்லாதவர்கள் நடத்தும் கூட்டங்களில் பிசாசை நேரடியாக அழைத்துப் பேசுவதும் அதன் பெயரை அறிய முயல்வதும் கூடாது என்றது. தேதி செப்டம்பர் 29. அதிதூதர் மிக்கேலின் திருநாள்.

பெயர் கேட்கக் கூடாது என்று ரோமாபுரியில் எழுதி நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன என்பதைக் கேட்டபோது தாய் அழுதார். "ஒருத்தரும் சொல்லலியே சாமி."

இதைவிட எளிதாகக் கிடைக்கக்கூடிய புத்தகம் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல். அதன் 1673ஆம் பத்தி, நோய் என்பது வேறு, குறிப்பாக மனநோய் என்பது வேறு. அதைக் கவனிக்க வேண்டியது மருத்துவம் என்கிறது. சடங்குக்கு முன் நோயா, தீய சக்தியா என்று உறுதி செய்துகொள்வது முக்கியம் என்கிறது. 1999இல் வெளியான புதிய சடங்கு நூலும் மருத்துவத்தையும் மனநோய்ச் சிகிச்சையையும் அறிந்தவர்களைக் கலந்துகொள்ளச் சொல்கிறது. குணமளிக்கும் பிரார்த்தனைக் கூட்டங்கள் குறித்து 2000 செப்டம்பரில் வந்த அறிவுரை, வெறியாட்டம் போன்றவையும் நாடகத்தனமும் பரபரப்பும் கூடாது என்றும், பேயோட்டுதலையும் குணமளிக்கும் வழிபாட்டையும் கலக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பாமர பக்தர்களுக்கு இருக்கும் வேகமும் நம்பிக்கையும் ரோமாபுரிக்கு இல்லை என்று சிலர் குறைப்படுவதுண்டு. அந்த நிதானத்தின் விலை என்னவென்று மாஹிம் பிளாட்பாரத்தில் தெரிந்தது.

இரண்டாவது முறை போனபோது பாதிரியார், "வீட்ல இருக்கிற பக்திச் சாமான் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க" என்று சொல்லியிருந்தார். தையல் துணிப் பை நிறைய வந்தது. மூன்று செபமாலைகள், உத்தரியம், நவநாள் புத்தகம், நாத்தனார் கொடுத்த புனித லூயிஸ் த மோன்போர்ட்டின் நூல், யார் அச்சிட்டது என்றே தெரியாத பதினான்கு துண்டுப் பிரசுரங்கள், கைபேசியில் வந்ததைப் படியெடுத்த தாள்கள், ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர்.

பாதிரியார் மேசை மேல் மூன்று குவியல்களாகப் பிரித்தார். செபமாலை, உத்தரியம், நவநாள் புத்தகம் முதல் குவியல். தாத்தா பாட்டி காலத்திலிருந்து எல்லோருக்கும் பொதுவானவை. மோன்போர்ட் நூலையும் அங்கேயே வைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டு, பெட்டியில் கிடந்து, 1842இல் கண்டெடுக்கப்பட்டு மறு ஆண்டு அச்சான புத்தகம் அது. போப் இரண்டாம் ஜான் பாலின் விருதுவாக்கே அதிலிருந்து வந்தது. ஆன்மிகப் போர் என்று பேசும் குழுக்களும் அதைக் கையில் ஏந்துகின்றன. அதில் மோன்போர்ட் மாதாவின் போலி பக்தர்கள் என்று ஏழு வகையினரைப் பட்டியலிடுகிறார். மாதாவின் பெயரைச் சொல்லித் துணிவாகப் பாவத்தில் இருப்பவர்கள், தங்கள் காரியம் ஆவதற்காக மட்டும் அவளிடம் போகிறவர்கள் எல்லாம் அதில் உண்டு. "ஒங்க பிரதர் இந்தப் பக்கத்தப் படிச்சாராம்மா?" என்று பாதிரியார் கேட்டார். அந்தப் பிரதியில் அந்தப் பக்கங்கள் வெட்டப்படாமல் ஒட்டிக்கொண்டே இருந்தன.

இரண்டாவது குவியல், யாரோ ஒருவருக்கு மாதா காட்சி கொடுத்துச் சொன்னதாகக் கூறும் செய்திகள். திருச்சபை ஏற்றுக்கொண்ட தனிப்பட்ட வெளிப்பாடுகளும் விசுவாசத்தின் அடிப்படையோடு சேர்ந்தவையல்ல. உதவியாக இருந்தால் படிக்கலாம், படிக்காவிட்டால் குற்றமில்லை. ஒரு புத்தகத்தில் ஆயரின் அச்சு அனுமதி இருந்தால் விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் முரணான எதுவும் அதில் இல்லை என்றுதான் அர்த்தம். உள்ளே இருக்கும் அற்புதமெல்லாம் உண்மை என்ற சான்றிதழ் அல்ல அது. அனுமதியே இல்லாத பிரசுரங்கள் வேறொரு தந்திரம் செய்கின்றன. 1966இல் ரோமாபுரி இரண்டு பழைய சட்ட விதிகளை நீக்கியதைக் காட்டி, காட்சிகளைப் பற்றி எழுத இனி யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டுக்கொள்கின்றன. பூட்டைக் கழற்றிவிட்டார்கள் என்பதால் உள்ளே இருப்பதெல்லாம் தங்கம் ஆகிவிடாது.

மூன்றாவது குவியல்தான் பெரியது. இந்த ஜெபத்தை ஒன்பது பேருக்கு அனுப்பாவிட்டால் துக்கம் வரும் என்பது ஒரு தாள். மூன்று நாள் உலகம் இருளும், மந்திரித்த தேன்மெழுகுத் திரி மட்டுமே எரியும் என்பது இன்னொன்று. போப் லியோ பிசாசும் ஆண்டவரும் பேசியதைக் கேட்டு மயங்கினார் என்ற கதை மூன்று தாள்களில் இருந்தது. மூன்றிலும் தேதி வேறு. குறிப்பிட்ட ஜெபத்தைக் குறிப்பிட்ட தடவை சொன்னால் கேட்டது நிச்சயம் என்ற உத்தரவாதங்கள் மிச்சம். "கடவுளுக்கே நிபந்தனை போடுறது ஜெபமில்லம்மா. அதுக்கு வேற பேரு" என்றார் பாதிரியார்.

கடைசியில் பாட்டில். 2012 மார்ச்சில் விலே பார்லேயின் இர்லா பகுதியில் உள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் சிலுவையில் இருந்த இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. ஜனங்கள் திரண்டு பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்தத் தாயும் அன்று உயிரோடு இருந்த கணவரோடு போய் ஒரு பாட்டில் வாங்கி வந்திருந்தார். பகுத்தறிவாளர் சங்கத் தலைவர் சனல் எடமருகு நேரில் பார்த்துவிட்டு, அருகில் உள்ள சாக்கடை நீர் சுவர் வழியே ஊறி ஏறி வருகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். மத உணர்வைப் புண்படுத்தியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில் அவர் மீது புகார்கள் போயின. அவர் அந்த ஆண்டே பின்லாந்துக்குப் போய்விட்டார்.

"அப்ப இது சாக்கடத் தண்ணியா சாமி?"

"குடிச்சீங்களா?"

"இல்ல. அவன் நெத்தியில தேச்சேன்."

"சோப்புப் போட்டுக் கழுவிடுங்க" என்று பாதிரியார் சொல்ல, வந்ததிலிருந்து முதல்முறையாக அந்தத் தாய் சிரித்தார். ஆனால் பாதிரியார் சிரிக்கவில்லை. அதைச் சொன்னவர் நாட்டை விட்டுப் போக வேண்டி வந்ததில் விசுவாசிகளுக்குப் பெருமை இல்லை என்றார்.

இதுபோன்ற விஷயங்களில் திருச்சபையின் கை இப்போது முன்னைவிடவும் நிதானமாக இருக்கிறது. 1978இன் பழைய நெறிமுறைகளுக்குப் பதிலாக 2024 மே மாதம் வத்திக்கான் புதியவற்றை வெளியிட்டது. இனி ஒரு காட்சியோ அற்புதமோ வானத்திலிருந்து வந்ததுதான் என்று அறிவிப்பது வழக்கமாக இருக்காது. 'இதைப் பின்பற்றத் தடையில்லை' என்பதில் தொடங்கி 'இது இயற்கைக்கு அப்பாற்பட்டதல்ல' என்பது வரை ஆறு வகை முடிவுகள் உண்டு. பணம், அதிகாரம், புகழ் தேடுவதெல்லாம் எதிர்மறை அடையாளங்கள். ஆன்மிக அனுபவம் என்ற பெயரில் மனிதர்களைத் தன் பிடியில் வைத்துக்கொள்வது விசேஷமான கனம் உடைய குற்றம் என்று அந்த ஆவணம் எச்சரிக்கிறது. இதற்காக எளிய பக்தியை அது ஒதுக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், வேளாங்கண்ணித் திருத்தலத்துக்கு வரும் மக்களின் பக்தியைப் பாராட்டி அதே துறை தஞ்சை ஆயருக்குக் கடிதம் எழுதியது. கடற்கரையில் வெறுங்காலோடு நடந்து வருகிறவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அவரை வைத்து வியாபாரம் செய்கிறவரைத்தான் பார்க்கச் சொல்கிறது.

2025 நவம்பரில் மாதாவின் பட்டங்கள் குறித்து வந்த குறிப்பு இன்னும் நேராகவே பேசியது. 'இணை மீட்பர்' என்ற பட்டம் பொருத்தமற்றது என்றது. கடவுளின் நீதிக்கு முன் மாதாவை ஓர் இடிதாங்கி போலக் காட்டுவதையும் தவிர்க்கச் சொன்னது. பிரதர் இந்தத் தாயின் மனத்தில் பதித்திருந்தது அந்தச் சித்திரத்தைத்தான். மேலே கோபத்தோடு கையோங்கி நிற்கும் கடவுள்; முன்னோர் பாவத்துக்குப் பேரன் மீது விழப்போகும் அடி; நடுவில் மாதா கையைப் பிடித்துத் தடுக்கிறாள்; நாம் செபமாலை எண்ணிக்கையில் ஒன்று குறைத்தாலும் அவள் கை தளர்ந்துவிடும். இப்படி நம்புகிற வீட்டில் யாருக்குத் தூக்கம் வரும்? நோயாளிப் பையனுக்கு எப்படி வரும்?

இந்தக் கதையில் பிரதரை வில்லனாக்கிவிட்டு முடித்துக்கொள்வது சுலபம். நாத்தனார் அதற்கு இடம் தரவில்லை. மதினி ஜெபக் குழுவை விட்டுவிட்டார் என்று தெரிந்ததும் வாசலில் நின்று கேட்டார்: "நம்ம புள்ளைக்காக ராத்திரி ஒரு மணிவரைக்கும் முழங்கால்ல நின்னது யாரு மதினி? ஒங்க டாக்டரா? பங்குச் சாமியாரா?"

இதற்குத் தாயிடம் பதில் இல்லை. மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று பதினொன்றரைக்கு உள்ளே போனால், டாக்டர் பேசுவது நான்கு நிமிடம். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைச் சுற்றி ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு இருபது பேர் நிற்பார்கள். அந்த வீட்டில் வந்து உட்கார்ந்து ஐந்து மணி நேரம் கொடுத்தவர் பிரதர் ஒருவர்தான். நல்ல வழிகாட்டிகளுக்கு நேரம் இல்லை. நேரம் இருக்கிறவரிடம் நல்ல வழி இல்லை. பயந்துபோன குடும்பம் யாரிடம் போகும்? சட்டமும் சுற்றறிக்கையும் ஆயரின் அலமாரியில் இருக்கின்றன. துண்டுப் பிரசுரமோ தலையணைக்கடியில் வந்துவிடுகிறது.

இதைப் பாதிரியாரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. "ஒங்க நாத்தனார் கேட்டது ஞாயமான கேள்வி" என்றார். பிறகு, "அடுத்த வாரம் நான் வர்றேன். பையனப் பாக்கணும். அவங்களையும் இருக்கச் சொல்லுங்க."

எழுபத்தெட்டு வயதில் இரண்டு ரயில் மாறி, சந்துகளில் வழி கேட்டு வந்து சேர்ந்தார். தாத்தாவின் போட்டோ துணி போட்டு மூடியிருந்த அறையில் பையன் சுவரோரம் நின்றான். பாதிரியார் பாயில் உட்கார்ந்துகொண்டு, யாரையும் அதட்டாத குரலில் கேட்டார்: "உன் பேரென்னப்பா?"

பையன் நடுங்கிப்போனான். அந்தக் கேள்வி அவனுக்கு எதை நினைவூட்டும் என்று பாதிரியாருக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டார். நெடுநேரம் காத்திருந்தார். பையன் மெதுவாகத் தன் பெயரைச் சொன்னான்.

"அதுதான் ஒனக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு. கடவுள் ஒன்ன அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. வேற பேர யாரு கேட்டாலும் நீ சொல்ல வேண்டியதில்ல."

பிறகு ஒரு பத்துமணி செபமாலை, ஒரே ஒரு பத்துமணி, எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். நாத்தனாரும் சொன்னார். காப்பி குடித்தார்கள். பாதிரியார் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, அடுத்த தடவை மருத்துவமனைக்கு எப்போது போக வேண்டும் என்று கேட்டுத் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். அந்தத் தேதியில் கூடப் போகிற பொறுப்பை நாத்தனாரிடம் கொடுத்தார். அவர் இப்போது தவறாமல் போகிறார். ஏழு மணிக்கு வரிசையில் இடம்பிடித்து நிற்பவர் அவர்தான். ஜெபக் குழுவை அவர் முழுதாக விட்டுவிடவில்லை. ஆனால் வீட்டுக்கு யாரையும் அழைத்து வருவதில்லை.

பையன் முழுக்கக் குணமாகிவிட்டான் என்று எழுத முடியாது. ஒரு ஜெராக்ஸ் கடையில் அரைநாள் வேலைக்குப் போகிறான். குரல் சில நாட்களில் வருகிறது. அதற்கு அன்றிரவு வைத்த பெயர் இன்னும் கழன்றுவிடவில்லை. ஆனால் வந்தால் அம்மாவிடம் சொல்கிறான். அம்மா டாக்டரிடம் சொல்கிறார். தாத்தாவின் போட்டோ மேலிருந்த துணியை ஈஸ்டருக்கு முன் அவனே எடுத்தான்.

ஒரு புதன்கிழமை, தானும் மாஹிமுக்கு வருவதாகச் சொன்னான். கூட்டத்தில் நிற்க அவனுக்குக் கஷ்டம் என்பதால் ஓரமாக ஒரு தூணருகில் நின்றார்கள். சகாய மாதா படத்தின் மூலம் ரோமாபுரியில் இருக்கிறது; 1866இல் போப் ஒன்பதாம் பத்திநாதர் அதை மீட்பர் சபையினரிடம் ஒப்படைத்தார். மேலே இரு மூலைகளிலும் இரண்டு அதிதூதர்கள். இடது பக்கம் இருப்பவர் மிக்கேல். அவர் கையில் வாள் இல்லை. இயேசுவைக் குத்தப்போகும் ஈட்டியும், காடி தோய்த்த கடற்பஞ்சும் இருக்கின்றன. வலது பக்கம் கபிரியேல், சிலுவையோடு. அதைப் பார்த்துத்தான் குழந்தை மிரண்டுபோய்த் தாயின் கையை இரு கையாலும் பற்றிக்கொள்கிறது.

இருபத்தெட்டு வருஷமாக அந்தத் தாய் அந்தப் படத்தைப் பார்த்து வருகிறார். மாதாவின் முகத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. மகன்தான் காட்டினான்.

"அம்மா, அந்தப் புள்ளையோட செருப்பு கழண்டு தொங்குது பாரு."

பார்த்தார். பயந்து ஓடி வந்த வேகத்தில் ஒரு கால் செருப்பு வார் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. எதைப் பார்த்துப் பயந்தாய், அதன் பெயரென்ன என்று தாய் கேட்பதாகத் தெரியவில்லை. கையைக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

நவநாள் முடியும்வரை அவர்கள் நிற்கவில்லை. மழை வரும்போல் இருந்தது. ஒன்பது மணிக்குள் வீடு போய்ச் சேர வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை இருக்கிறது.